மூன்றாவது கல்லைக் கழுவியவர்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்குகிறது. திருடியவன் நான். திருடிய பொருள் ஒரு செங்கல். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் கதை பாதியில் இருக்கும்போது என் மனைவி ஜெபமலர் குறுக்கே வந்து சொல்லிவிடுவாள்.

நடந்தது கரமனையில், எங்கள் வீட்டு வாசலில், ஆற்றுகால் பொங்கலை அன்று மத்தியானம். திருவனந்தபுரத்துக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைக்கு நகரத்துத் தெருக்களில் பாதி அடுப்பாகிவிடும். கோயிலைச் சுற்றி இடம் போதாமல் எங்கள் தெரு வரைக்கும் பெண்கள் வருவார்கள். ஆளுக்கு மூன்று செங்கல், ஒரு புதுப்பானை. கோயிலில் தீ மூட்டிய செய்தி வந்ததும் இங்கேயும் மூட்டிப் பொங்குவார்கள். பிற்பகலில் தீர்த்தம் தெளித்து முடிந்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். சாயங்காலம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். வீடில்லாதவர்களுக்குக் கட்டும் வீடுகளுக்கு அந்தக் கல் போகிறது. ஆக, யாரோ ஒருவருடைய சுவரிலிருந்துதான் நான் உருவியிருக்கிறேன்.

எதற்கு? எங்கள் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது நடக்கும். பின்கட்டு மூலையில் வைத்தால் பிழிந்து முடிப்பதற்குள் கதவுப்பக்கம் வந்து நிற்கும். முன்காலுக்கு அணை கொடுக்க ஒரு கல் வேண்டியிருந்தது. தெரு முழுக்கக் கல் கிடந்தது. எங்கள் வீட்டுக் கேட்டை ஒட்டியிருந்த அடுப்பில் ஆள் இல்லை. எடுத்தேன். புகைக்கரியும் பொங்கி வழிந்த பால்பாயசப் பிசுக்குமாக இருந்ததால், எறும்பு வருமே என்று, சோப்புப் போட்டு நார் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். ஒரு பக்கத்தில் ஏதோ கீறல்கள் இருந்தன. என் மூக்குக்கண்ணாடி மாடியில் இருந்தது. கீறல் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மெஷின் நடப்பதை நிறுத்தியது.

(என் பெயரைச் சொல்லவில்லை என்று கவனித்திருப்பீர்கள். இந்த இணைய இதழில் நான் புனைபெயரில் எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் எனக்கு வேறு பெயர், அதுதான் அசல் பெயர். அங்கே நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பிரிவுபசார விழாவுக்கெல்லாம் வாழ்த்துப்பா கேட்பார்கள்.)

2

இதழின் ஆசிரியர் பிரஜின் நாகர்கோவில்காரர். வயது இருபத்தேழு. அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை அளவு.

"சார், எல்லாரும் போன்லயாக்கும் வாசிக்காங்க. ரெண்டாயிரத்தி ஐந்நூறு வார்த்தைக்குள்ள முடிங்க. அதுக்கு மேல போனா ஆளு வெளிய போயிரும்."

முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இலக்கியத்தை அளந்தா வைக்க முடியும் என்று அரைமணி நேரம் பேசுவேன். இந்தத் தடவை பேசவில்லை. காரணம் பின்னால் வருகிறது. இப்போதைக்கு நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்களைக் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: "சித்தாள் வேலை செய்யும் சுடலைமாடத்தியின் காய்த்துப்போன கைகளில் காலம் தன் கொடிய"

(நிறுத்திவிட்டேன். காலம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. இந்த வரியைச் சுடலைமாடத்திக்கே போனில் வாசித்துக் காட்டினேன். "ஏன் சார், எங் கையில என்ன? முந்தாநேத்துத்தான மருதாணி வச்சேன்" என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: "இன்றைய டிஜிட்டல் யுகத்தில் சிற்றளவுக் கலை வடிவங்களின் வெளிப்பாட்டு ஆற்றல் என்பது"

(ஜெபமலர் தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "இதுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டுமா? கருத்தரங்குன்னா சாப்பாடு போடுவாங்களே" என்றாள்.)

மூன்றாம் தொடக்கம்: "அன்புள்ள சுடலைமாடத்திக்கு, நீங்கள் தேடுகிற கல்"

உண்மையில் முதலில் எழுதியது இதைத்தான். இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வந்ததும் வாக்கியம் வேறு பக்கம் திரும்பி, அன்றைக்கு வெயில் எப்படி இருந்தது என்று வர்ணிக்கப் போய்விடுகிறது. எழுத்தாளனை மன்னிப்புக் கேட்க வைப்பது அவ்வளவு லேசில்லை.

3

இனி சுடலைமாடத்தி யார் என்று சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். முப்பத்து நான்கு வயது. கணவர் வேல்சாமி கொத்தனார். இருவரும் ஒன்பது வருடமாக இங்கே கட்டட வேலை செய்கிறார்கள். இப்போது கைமனத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேல்சாமி கல் அடுக்க, சுடலைமாடத்தி கல் சுமக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஆணியால் கீறுவாள். கீறலுக்குள் சுண்ணாம்பைத் தேய்ப்பாள். மிச்சத்தை விரலால் துடைத்துவிடுவாள். செய்முறை அவ்வளவுதான். கீறுகிற பக்கம் ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரம். அதற்குள் அடங்காததை அவள் வரைவதில்லை. மணி அடித்ததும் அந்தக் கல்லும் சுவருக்குள் போய்விடும். மேலே பூச்சும் பூசிவிடுவார்கள்.

(இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். இந்த நகரத்தில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் படுக்கையறைச் சுவருக்குள் ஒரு ஆடோ பஸ்ஸோ பல்லிளிக்கும் மேஸ்திரியோ இருப்பது தெரியாமல் தூங்குகிறார்கள் என்று. அதை எடுத்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.)

அந்தக் கட்டடத்து ஆபீசில் வேலையாட்களின் வருகைப்பதிவு எழுதுபவர் ரெம்யா. பொங்கலைக்கு நாலைந்து நாள் முன்பே இடம் பிடிக்கக் கல் வைத்து, அதில் சாக்பீஸால் பெயர் எழுதிவிட்டுப் போவது இங்கே வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கல்லில் ரெம்யா என்று எழுதியிருந்தது. பொங்கலையன்று காலையில் மூன்று ரெம்யாக்கள் வந்தார்கள். அந்தச் சண்டையை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கீழே போயிருக்கலாம், போகவில்லை.

மறுவருடம் சுடலைமாடத்தி ரெம்யாவின் கல்லில் பெயருக்குப் பதிலாக முகத்தைக் கீறிக் கொடுத்தாள். முன்பல் இடைவெளி, மூக்கில் சரியும் கண்ணாடி, யாரையோ எண்ணிக்கொண்டிருப்பது போன்ற பார்வை. பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுத எல்லாருக்கும் தைரியம் உண்டு. அந்த முகத்தை அழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. இடம் அப்படியே இருந்தது.

கடந்து போனவர்கள் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ போனுக்குப் போன் போனது. ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி விழுந்த பிறகு யாரோ ஒருவர், இது கையால் வரைந்ததில்லை, கம்ப்யூட்டரில் வாயால் சொல்லி வரவழைத்தது என்று எழுதினார். அடியில் இருநூறு பேர் ஆமாம் போட்டார்கள். செங்கல்லில் இப்படி ஒரு பார்வை வராது என்று ஒருவர் விளக்கமும் கொடுத்திருந்தார். சுடலைமாடத்திக்கு அது பொறுக்கவில்லை.

"வரையத் தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன் சார். வரையவே இல்லங்காவ."

இந்த வருடம் ரெம்யாவின் அடுப்புக்கு மூன்று கல்லிலும் வரைந்தாள். காலையில் தீக்காகக் காத்திருந்த நேரத்தில், எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து வரைந்தது. ஆரியசாலையில் படத்துக்குச் சட்டம் போடும் கடையின் மாடியில் அனில் என்பவர் ஒரு சின்னப் படக்கூடம் நடத்துகிறார். அவர் இந்த ஜூன் மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறார். ஒரு சாணுக்கு மேல் போகாத படங்கள் மட்டும். போட்டோ அனுப்பக் கூடாது, அசல் வேண்டும், வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கலாம் என்பது விதி. ஒரு செங்கல் சரியாக ஒரு சாண். ரெம்யா கையில் இருந்த இரண்டு கல்லைக் கொண்டுபோய்க் காட்டினாள். அனில் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, மூன்றாவது எங்கே என்று கேட்டாராம். அடுப்பென்றால் மூன்று கல், இரண்டு கல் வெறும் இரண்டு கல்தான் என்றாராம். மூன்றும் வந்தால் நடுமேசை. வராவிட்டால் இல்லை. திறப்பு சனிக்கிழமை காலை.

4

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெம்யாவும் சுடலைமாடத்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மழை. ஒரு குடைக்குள் இரண்டு பேர், ஒரு துணிப்பைக்குள் இரண்டு கல்.

"சார், ஒரு காரியம் கேக்கணும்" என்றாள் ரெம்யா, மலையாளம் கலந்த தமிழில். "பொங்காலைக்கு நான் ஜெபமலர் சேச்சிகிட்ட பறஞ்சிட்டு இங்க பாத்ரூம் போனேன் இல்லே? திரிச்சு வெளிய வந்தப்போ ஒரு கல்லைக் காணோம். ஆராவது எடுத்தது கண்டீங்களா?"

தயவுசெய்து கவனியுங்கள். அவள் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் அவளுடைய அடுப்பைத் திருடியிருக்கிறேன். இதைவிடக் கேவலமான நேரத்தைக் கற்பனையில்கூட என்னால் அமைத்திருக்க முடியாது.

"லாரியில போயிருக்கும்" என்றேன்.

"லாரி நாலு மணிக்கில்லா வந்துச்சு" என்றாள் சுடலைமாடத்தி. "இவுக உள்ள போனது ரெண்டு மணிக்கு. நா பானையக் களுவ பைப்படிக்குப் போயிருந்தேன். கல்லுக்குக் காவல் வேணும்னு யாரு நெனச்சா?"

ஜெபமலர் டீ கொண்டுவந்தாள். ரெம்யா போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். பொங்கி வழிந்த பானையும் கீழே மூன்று கல்லும். மூன்றாவது கல் ஓரமாகச் சாய்ந்து தெரிந்தது. ஜெபமலர் இரண்டு விரலால் விரித்தாள். விரிக்க விரிக்கப் படம் பெரிதாகி, பெரிதாகி, கடைசியில் சிவப்பும் கறுப்புமான சதுரங்கள் மட்டும் மிஞ்சின. ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

சுடலைமாடத்தி பையிலிருந்த கற்களைத் தரையில் வைத்தாள். நாங்கள் நான்கு பேரும் குனிந்தோம்.

முதல் கல்லில் ரெம்யா, வெயிலுக்குத் தலையில் வாழையிலை பிடித்தபடி. இரண்டாவதில் பெண்களின் முதுகுகள், பன்னிரண்டு முதுகு, எண்ணினேன். ஒவ்வொரு முதுகும் வேறு வேறு ஆள். ஒன்று அலுத்திருந்தது, ஒன்று ஊர்வம்பு பேசியது. நடுவில் ஒரு கை மட்டும் போனை உயரத் தூக்கியிருந்தது. இரண்டு கல்லிலும், வரைந்து முடித்த பிறகு வழிந்த பால் காய்ந்து ஒரு தடம் விட்டிருந்தது. முதல் கல்லில் அது வாழையிலையின் நுனியிலிருந்து சொட்டியது. இரண்டாவதில் முதுகுகளின் மேல் மழையாக இறங்கியது.

"அது நா போட்டதில்ல" என்றாள் சுடலைமாடத்தி. "தானா வழிஞ்சது. பொங்கி வழிஞ்சா நல்லதுன்னு சொல்வாவல்லா. மூணு கல்லுலயும் வழிஞ்சது. இன்னொரு கல்லுல இன்னொரு படம் போடலாம் சார், எனக்கு அது பெரிசில்ல. அன்னைக்கு வழிஞ்ச பாலுக்கு எங்க போவேன்?"

பின்கட்டில் வாஷிங் மெஷின் பிழியத் தொடங்கியது. வேகமாகச் சுற்றியது, அதிர்ந்தது, இருந்த இடத்திலேயே நின்றது. மூன்று மாதமாக அது நடக்கவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் கணக்கு டீச்சர். ஜெபமலர் டீத்தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

5

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஜெபமலர் பின்கட்டுக்குப் போனாள். மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டுக் கல்லை உருவினாள்.

"கட்டடம் கெட்டுத இடத்துல கேட்டு வாங்குனதுன்னு சொன்னீங்க."

"ஒரு வகையில அதுவும்..."

"கண்ணாடிய எடுத்துட்டு வாங்க."

நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தேன். அவள் கல்லைத் திருப்பினாள்.

ஒரு மனிதன் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறான். ஒரு கையில் காப்பித் தம்ளர். மறுகையின் ஆள்காட்டி விரல் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. கழுத்து முன்னால் நீண்டு, தெருவில் நடக்கும் ஏதோ ஒன்று தன் சுவரில் பட்டுவிடுமோ என்று பதறுகிறது. கீழுதடு பிதுங்கியிருக்கிறது. மொத்தம் பத்துப் பதினைந்து கீறல் இருக்கும்.

பொங்கலைக்கு முந்தின வாரம்தான் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்திருந்தேன். அன்று காலை மாடியில் நின்று, "புகை சுவத்துல படாம பாத்துக்கங்க, கேட்டை மறைக்காதீங்க, இங்க அழுக்காக்காதீங்க" என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே ஜெபமலர் வந்தவர்களுக்கெல்லாம் மோரும் குளியலறைச் சாவியும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெபமலர் சிரித்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துச் சிரித்தாள். "இது நீங்களாக்கும். நீங்ககூட இவ்வளவு நீங்களா இல்ல" என்றாள்.

அந்த உதட்டை நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது உள்ளே இழுத்துக்கொள்வேன் போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். என்னை யாரும் இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. என் போனில் என்னுடைய போட்டோ எண்ணூறு இருக்கும். அதில் ஒன்றிலும் நான் இல்லை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. போனில் எல்லாப் படமும் ஒரே அளவு. மலையும் கொசுவும் அதே உள்ளங்கையகலம்தான். பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம், புரியாவிட்டால் விரிக்கலாம். இந்தக் கல்லை அப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்க்க வேண்டுமானால் நான்தான் தரையில் உட்கார்ந்து முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அனில் சொன்னது இது: போன வருடக் கண்காட்சியில் பலபேர், தங்களை அறியாமல், தாளில் வரைந்த படத்தின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்த்தார்களாம். விரியாது என்று தெரிந்ததும் கொஞ்சம் அசடு வழிந்துவிட்டுக் குனிந்தார்களாம். குனிந்தவர்கள் நெடுநேரம் நிமிரவில்லையாம். பிரஜின் சொன்ன வார்த்தைக் கணக்கை நான் எதிர்க்காததற்கு இதுதான் காரணம்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஜெபமலர் கேட்டாள், "பாலு வழிஞ்ச தடம் எங்க?"

இல்லை. போட்டோவில் தெரிந்த அந்த வெள்ளைக் கோடு, தம்ளரிலிருந்து கீழே இறங்கியிருக்க வேண்டியது, இல்லை. ஆணிக் கீறலும் அதற்குள் ஏறிய சுண்ணாம்பும் தப்பித்திருந்தன. மேலே வழிந்ததை நான் சோப்புப் போட்டு, நார் வைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன்.

6

இந்த இடத்தில் எனக்குப் பல வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ) பொழுது விடியும் முன் கல்லைக் கட்டட வாசலில் வைத்துவிட்டு ஓடிவருகிறேன். (என் ஸ்கூட்டர் சத்தம் கரமனை முழுக்கத் தெரியும்.)

ஆ) கொஞ்சம் பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஸ்பூனால் கல்லின் மேல் ஊற்றுகிறேன். (இதைச் செய்தே பார்க்கப் போனேன். பால் பாத்திரத்தோடு அடுப்படியில் நின்றபோது ஜெபமலர் வந்தாள். "கள்ளக் கையெழுத்துப் போட்ட பிள்ளைய நான் கிளாசுக்கு வெளியதான் நிறுத்துவேன்" என்றாள். பாலில் காப்பி போட்டுக் குடித்தேன்.)

இ) கதாநாயகன் மனம் திருந்தி, நீண்ட வசனம் பேசி, கண்ணீர் மல்க

(வேண்டாம்.)

நடந்தது கீழே.

7

புதன்கிழமை மத்தியானம் கல்லைப் பழைய துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு கைமனம் போனேன். சாப்பாட்டு நேரம். மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் தூக்குச்சட்டிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ரெம்யாவும் நோட்டோடு அங்கே இருந்தாள்.

பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாய் திறந்ததும் வந்தது இதுதான்: "நான்தான் எடுத்தேன். கழுவியும் வச்சுட்டேன்."

சுடலைமாடத்தி சோற்றுக்கையை உதறிவிட்டு, இடது கையால் துண்டைப் பிரித்தாள். கல்லைப் பார்த்தாள். கட்டை விரலால் தம்ளருக்குக் கீழே தடவினாள். அவள் முகம் வாடியது. அதை நான் பார்த்தேன். அந்த அரை நிமிடத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு ஒன்றுமில்லை.

"சோப்புப் போட்டீகளோ?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

"எறும்பு வரும்னு."

அவள் எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். ரெம்யாவின் மேசைக்கு அடியில் இருந்த மற்ற இரண்டு கல்லையும் எடுத்துவந்து மணலில் வரிசையாக வைத்தாள். மூன்றாவதாக என்னுடையதை வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். முதல் கல்லில் ரெம்யா மேல் பால் வழிகிறது. இரண்டாவதில் அத்தனை பெண்கள் மேலும் வழிகிறது. மூன்றாவதில் மாடிமேல் நிற்கிற ஆளுக்கு வந்ததும் பால் நின்றுவிடுகிறது. பளிச்சென்று, துடைத்துவிட்டாற்போல், ஒரு சொட்டு இல்லை. அவன் விரல் நீட்டிக்கொண்டே இருக்கிறான்.

முதலில் வேல்சாமிதான் சிரித்தார். வாயில் சோறு இருந்ததால் இருமலும் சேர்ந்துகொண்டது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாகச் சுடலைமாடத்தி சிரித்தாள்.

"அன்னைக்கே எனக்கு ஒரு கொற இருந்துச்சு சார்" என்றாள். "ஒங்க மூஞ்சி வந்துட்டு, கொணம் வரல. பால் வழிஞ்சதும் நீங்களும் எல்லாரு மாதிரி நல்ல மனுசனாத் தெரிஞ்சீக. இப்பத்தான் சரியா இருக்கு."

நானும் சிரித்தேன். வேறு வழியில்லை என்பதால் மட்டுமில்லை. அந்த மூன்று கல்லும் அப்படி ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒன்பது அங்குலத்துக்குள் என் ஐம்பத்தொரு வருடமும் அடங்கியிருந்தது. நான் எழுதிய கதைகளில் எந்த மனிதனும் இவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு முழுதாக நின்றதில்லை.

(இந்தப் பத்தியில் பொறாமை தெரிகிறது என்று ஜெபமலர் சொல்கிறாள். தெரியட்டும்.)

8

கதை இங்கேயே முடிந்திருக்கும். சுடலைமாடத்தி ஒரு நிபந்தனை போட்டாள்.

"படத்துக்குக் கீழ அட்டை வைப்பாவளாமே, யாரு செஞ்சதுன்னு. அதுல ஒங்க பேரும் வரணும்."

"என் பேரு எதுக்கு? வரைஞ்சது நீங்க."

"வரைஞ்சது நானு. பொங்குனது இவுக. களுவுனது நீங்க. கை வச்ச அத்தன பேருக்கும் ரெம்யாக்கா நோட்டுல பேரு உண்டு சார். இதுல மட்டும் விட்டா, ஒங்க வேலைய நா செஞ்சதா ஆயிரும். நா செய்யாதத செஞ்சேன்னு எதுக்குச் சொல்லணும்? செஞ்சதையே செய்யலங்காவ ஊருல."

ரெம்யா உடனே அனிலுக்குப் போன் போட்டாள். அனிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று கல்லும் அன்று சாயங்காலமே ஆரியசாலைக்குப் போய்விட்டன. நடுமேசை உறுதி. மற்ற இரண்டு வரியும் எழுதியாகிவிட்டது, மூன்றாவது வரிக்கு என்ன பெயர் போட வேண்டும் என்று அனில் என்னிடம் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கு அந்த நாளை. வியாழக்கிழமை.

ஆரியசாலையில் பாதிக் கடைக்காரர்களுக்கு என் ஆபீசில்தான் பாலிசி. அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். சட்டம் போடும் கடைக்குக் கீழே வெற்றிலைக்கடை வைத்திருக்கும் குற்றாலலிங்கத்துக்குத் தன் பிரீமியத் தேதியைவிட என் முகம் நன்றாகத் தெரியும். அந்த உதட்டையும் பெயரையும் ஒன்றாகப் பார்த்தால் திங்கட்கிழமை நான் ஆபீசில் நுழைய முடியாது.

முடிவு ஒன்று: பெயர் கொடுக்கிறேன். சனிக்கிழமை நானே போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வருகிறவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், மறுபடி கல்லைப் பார்க்கிறார்கள். நான் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். சுடலைமாடத்தி வெளியே விடச் சொல்கிறாள்.

முடிவு இரண்டு: பெயர் கொடுக்கவில்லை. அட்டையில் இரண்டு வரி மட்டும். சுடலைமாடத்தி அடுத்த கல்லைக் கீறப் போய்விடுகிறாள். ஜெபமலர் கணக்கு நோட்டுத் திருத்தப் போய்விடுகிறாள். வாஷிங் மெஷின் மட்டும் ஒவ்வொரு தடவை பிழியும்போதும் மூலையிலிருந்து கிளம்பி என்னை நோக்கி நடந்து வருகிறது.

இதை வாசித்த பிரஜின் போன் செய்தார். "சார், ரெண்டுல எதாக்கும் நடந்தது?"

"இன்னும் நடக்கலையே."

"அப்போ முடிவு?"

அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் பொங்க வைக்க மூன்று கல் வேண்டும் என்று இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டை நான் வைத்துவிட்டேன். மூன்றாவது கல்லை என்னிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

அதனால் அனிலிடம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அட்டை இப்படி இருக்கும்:

வரைந்தவர்: சுடலைமாடத்தி
பொங்கியவர்: ரெம்யா
கழுவியவர்:

மூன்றாவது வரிக்கு முன்னால் நூலில் கட்டிய ஒரு பென்சில் தொங்கும். கதை வெள்ளிக்கிழமை வெளியாகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும். ஆரியசாலைச் சந்துக்குள் வந்து வெற்றிலைக்கடையில் கேட்டால் படி காட்டுவார்கள். குனிந்து பாருங்கள். கீறலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், அது கையால் செய்ததுதானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு அந்த ஆளின் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், பாவம் போகட்டும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். எழுதுவதென்றால் உங்களுக்குத் தெரிய வேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி.

என் பெயர் சத்தியதாஸ்.